காட்டின் சேதாரம்

ஆரணி, களம்பூர் வட்டாரத்துப் பட்டு நெசவில் எடைதான் நாணயம். கோரா நூலைச் சோப்பும் சோடாவும் கலந்த வெந்நீரில் வேகவைத்துப் பசை நீக்கினால், எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு தண்ணீரோடு போய்விடும். ஒரு கிலோ கொடுத்தவருக்கு முக்கால் கிலோ திரும்பி வந்தால் யாரும் சண்டைக்குப் போவதில்லை. எவ்வளவு போகும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். விலையும் அதை வைத்தே பேசப்படுகிறது. நகைக்கடையில் இதே சங்கதிக்குச் சேதாரம் என்று பெயர். தொழிலின் அனுபவம் தந்த எண் அது. நூலும் வெந்நீரும் பழையபடி இருக்கும்வரை அந்த எண்ணும் செல்லும்.

களம்பூரிலிருந்து மேற்கே பார்த்தால் ஜவ்வாது மலை. ஆரணியைத் தொட்டு ஓடும் கமண்டல நாகநதிக்கும் செய்யாற்றுக்கும் தாய்மடி அது. பங்குனி, சித்திரை இரவுகளில் அதன் சரிவில் செங்கோடு ஒன்று மெல்ல ஏறுவதை இந்தப் பக்கத்தார் பார்த்திருப்பார்கள். மறுநாள் காலையில் புகை கலைந்திருக்கும். மரங்கள் நின்றபடியே நிற்கும். அத்தோடு மறந்துவிடுவோம்.

இன்று உலகம் காட்டையும் எடை போட்டு விற்கிறது. காட்டில் தேங்கும் கார்பனை டன் கணக்கில் அளந்து, வரவாக எழுதி, புகை விடும் நிறுவனங்களுக்கு விற்பதே கார்பன் கிரெடிட் வணிகம். அந்த வணிகத்துக்கும் ஒரு சேதாரம் உண்டு. தீ, பூச்சி, நோய், புயல் ஆகியவற்றில் இவ்வளவு போகும் என்று முன்கூட்டியே ஒரு பங்கை ஒதுக்கி வைக்கிறார்கள். ஆனால் அந்த எண் பழைய வெயிலை வைத்துப் போட்டது. வெயில் மாறிவிட்டது. நம் மலைகளைப் பொறுத்தவரை இன்னொரு சிக்கலும் உண்டு: இங்கே தீ எதைத் தின்கிறது என்பதையே அந்தக் கணக்கு சரியாகப் பார்ப்பதில்லை.

விற்பது மரமல்ல, காலம்

மரத்தை எடை போடும் முறை எளிமையானது. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில், அதாவது மார்பளவில், அடிமரத்தின் சுற்றளவை எடுப்பார்கள். இனத்துக்கு ஏற்ற சூத்திரத்தில் அதைப் போட்டால் உலர் எடை கிடைக்கும். அதில் ஏறத்தாழ பாதி கார்பன். ஒரு டன் கார்பன் எரிந்து காற்றில் கலந்தால் 3.67 டன் கார்பன் டை ஆக்சைடு ஆகும். ஆகவே ஒரு டன் கார்பனைக் காட்டில் பூட்டி வைத்தவர் 3.67 வரவு எழுதிக்கொள்ளலாம்.

வரவை வாங்குபவர் யார்? நிலக்கரியோ எண்ணெயோ எரித்த ஒருவர். அவர் காற்றில் விட்ட புகையில் ஒரு பெரும் பகுதி நூற்றாண்டுகளைத் தாண்டியும் அங்கேயே இருக்கும். அதை ஈடுகட்டுவதாகச் சொல்லும் மரமும் அவ்வளவு காலம் நிற்க வேண்டும் அல்லவா? மரம் கார்பனை உறிஞ்சுகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. எத்தனை காலம் வைத்திருக்கும் என்பதே கேள்வி. காட்டுக் கார்பனை விற்பவர் உண்மையில் விற்பது காலத்தை. மரம் அந்தக் காலத்துக்கு வைத்த அடையாளப் பொருள்தான்.

நிலத்தடியிலேயே விட்டுவைத்த நிலக்கரி தானாக எரிந்து போய்விடும் என்று யாரும் பயப்படுவதில்லை. காட்டைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. ஒரு பீடித் துண்டு போதும்.

நூறு ஆண்டுக்கு வைத்தது பத்தாண்டில்

இந்தப் பயம் வெறும் கற்பனையல்ல என்பதற்கு நன்றாக ஆவணமான சான்று அமெரிக்காவில் இருக்கிறது. கலிபோர்னியா மாநிலம் 2013இல் தன் தொழிற்சாலைகளின் உமிழ்வுக்கு வரம்பு விதித்தது. வரம்பைத் தாண்டுவோர் ஓரளவுக்குக் காட்டு வரவுகளை வாங்கி ஈடுகட்டலாம். வரவை விற்ற காடு 100 ஆண்டுகளுக்கு அந்தக் கார்பனைக் காக்க வேண்டும் என்பது நிபந்தனை. காக்க முடியாமல் போனால்? அதற்காக ஒவ்வொரு திட்டமும் தன் வரவில் 10 முதல் 20 சதவீதம் வரை ஒரு பொது இருப்பில் போட்டு வைக்கும். அந்த இருப்புதான் நாம் சொல்லும் சேதாரம். ஒரு காடு எரிந்தால், எரிந்த அளவுக்கு அந்த இருப்பிலிருந்து வரவை எடுத்து அழித்துவிடுவார்கள். வாங்கியவர் கையில் இருக்கும் வரவு செல்லுபடியாகவே இருக்கும்.

இதில் காட்டுத்தீக்கென்று வைத்த பங்கு 2 முதல் 4 சதவீதம். நூறு ஆண்டுத் தீக்கு அவ்வளவு போதும் என்பது திட்டம் வகுத்தவர்களின் மதிப்பீடு.

2020இல் ஓரிகன் மாநிலத்தில் லயன்ஸ்ஹெட் தீ, கலிபோர்னியாவின் சந்தைக்கு வரவு விற்ற வார்ம் ஸ்பிரிங்ஸ் பழங்குடியினரின் காட்டுத் திட்டத்துக்குள் புகுந்தது. அடுத்த ஆண்டே அதே மாநிலத்தில் பூட்லெக் தீ 4 லட்சம் ஏக்கருக்கு மேல் பரவி இன்னொரு கார்பன் திட்டத்தின் காட்டையும் தின்றது. கிரேசன் பேட்ஜ்லியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2022இல் வெளியிட்ட ஆய்வில் இருப்புக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். திட்டம் தொடங்கிப் பத்து ஆண்டு முடிவதற்குள், 100 ஆண்டுகளுக்கான தீ ஆபத்துக்கென ஒதுக்கியதில் குறைந்தது 95 சதவீதம் கரைந்துவிட்டிருந்தது. திடீர் ஓக் சாவு என்ற ஒரே ஒரு மரநோய் மட்டுமே நோய்க்கும் பூச்சிக்கும் ஒதுக்கிய பங்கு முழுவதையும் விழுங்கிவிடக்கூடும் என்றும் அவர்கள் காட்டினார்கள்.

அதனால் பொது இருப்பு காலியாகிவிடவில்லை. மற்ற ஆபத்துகளுக்கு வைத்திருந்த பங்கும் அதே பானையில்தான் கிடக்கிறது. ஆனால் தீக்கென்று போட்ட எண் பொய்த்துவிட்டது. மீதித் தொண்ணூறு ஆண்டுகளுக்கும் தீ ஓய்வெடுத்தால்தான் கணக்கு சரியாக வரும்.

சீட்டு எப்போது உடைகிறது

பொது இருப்பு ஏன் பொய்த்தது? இதைப் புரிந்துகொள்ள நம்மூர் ஏலச் சீட்டைப் பார்த்தால் போதும். இருபது பேர் சேர்ந்த சீட்டு நடப்பது எதனால்? இருபது பேருக்கும் பணமுடை ஒரே மாதத்தில் வருவதில்லை என்பதால். ஒருவருக்கு ஆடியில் மருத்துவச் செலவு, இன்னொருவருக்குத் தையில் கல்யாணம். ஊருக்கே ஒரே மாதத்தில் கஷ்டம் வந்தால் எவ்வளவு நாணயமான சீட்டும் உடையும்.

காட்டுத் திட்டங்களின் பொது இருப்பும் இந்த நம்பிக்கையில்தான் நிற்கிறது: ஒரு காடு எரியும்போது மற்றவை பச்சையாக இருக்கும் என்ற நம்பிக்கை. பருவநிலை மாற்றம் அடிப்பது சரியாக அந்த இடத்தில். வறட்சி ஒரு மலையோடு நிற்பதில்லை. ஒரு கண்டத்தையே ஒரே கோடையில் காய வைக்கிறது. 2023இல் கனடாவின் காடுகள் எரிந்ததில் அந்த ஒரே பருவத்தில் 64.7 கோடி டன் கார்பன் காற்றில் கலந்ததாக மறு ஆண்டு வெளியான ஆய்வு கணக்கிட்டது. சீனா, அமெரிக்கா, இந்தியா ஆகிய மூன்றைத் தவிர வேறெந்த நாடும் ஓராண்டில் புதைபடிவ எரிபொருளால் அவ்வளவு கார்பனை வெளியிடுவதில்லை.

வெப்பம் கூடினால் தீ ஏன் கூடுகிறது என்பதன் இயற்பியல் சிக்கலானதல்ல. காற்றின் வெப்பநிலை ஒரு டிகிரி செல்சியஸ் உயர்ந்தால் அது ஏந்தக்கூடிய ஈரம் ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. காற்றுக்குத் தாகம் கூடுகிறது என்று சொல்லலாம். அந்தத் தாகத்தை அது சருகிலிருந்தும் புல்லிலிருந்தும் மண்ணிலிருந்தும் தீர்த்துக்கொள்கிறது. முன்பெல்லாம் இரவுக் குளிர்ச்சியில் காற்று ஈரமாகி, தீ தானே சோர்ந்து படுக்கும். இரவும் சூடாக இருந்தால் அந்த ஓய்வும் இல்லை. நம்முடைய வறண்ட காடுகளில் இன்னொரு முரணும் உண்டு: நல்ல மழை பெய்த ஆண்டை அடுத்து வரும் கோடைதான் பல நேரங்களில் மோசமானது. மழையில் ஆளுயரம் வளர்ந்த புல் மாசிக்குள் காய்ந்து விறகாகிவிடும். பெருமழையும் கடுங்கோடையும் மாறி மாறி வரும் காலநிலை, தீக்கு முதலில் விறகு அடுக்கி, பிறகு அதைக் காய வைத்தும் கொடுக்கிறது.

நம் தீ வேறு வகை

இதுவரை பார்த்தது ஊசியிலைக் காடுகளின் தீ. மர உச்சிக்கு ஏறி, காட்டையே கரிக்கட்டையாக்கும் தீ. ஜவ்வாது மலையின் தீ அப்படியல்ல. இங்கே இருப்பது வறண்ட இலையுதிர் காடும் முட்காடும். தை முதல் இலை உதிரும். தரையில் சருகு மெத்தை போடும். பிப்ரவரி முதல் கோடை மழை வரும்வரை தீக்காலம். இந்தியாவில் காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கையால்தான் தொடங்குகிறது: புதுப்புல் துளிர்க்கட்டும் என்று வைத்தது, காட்டுப் பொருள் பொறுக்க வசதிக்காகச் சருகை எரித்தது, அணையாத பீடி, வயலோரம் வைத்த தீ. தொடங்கிய தீ தரையோடு ஊர்ந்து போகும். முழங்கால் உயரச் சுடர். கருமருது போன்ற மரங்களின் தடித்த பட்டை அதைத் தாங்கிக்கொள்ளும்.

தரைத்தீ என்பதால் ஆளைக் கொல்லாது என்று அர்த்தமில்லை. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காய்ந்த புல்சரிவில் தீயில் சிக்கினார்கள். 23 பேர் உயிரிழந்தார்கள். ஆனால் கார்பன் கணக்கில் இந்தத் தீ ஒரு விசித்திரமான பொருள். அது எரிக்கும் சருகும் புல்லும் எப்படியும் ஓரிரு ஆண்டில் மக்கிக் காற்றில் கலக்கப்போகிறவைதான். நிற்கும் பெரிய மரம் நிற்கும். அடுத்த ஆண்டு சுற்றளவு எடுத்தால் இழப்பு பெரிதாகத் தெரியாது. அப்படியானால் இழப்பே இல்லையா?

இழப்பு கன்றுகளில் இருக்கிறது. முதுமலையில் இந்திய அறிவியல் நிறுவனத்தின் ரா. சுகுமார் குழு 1988-89இல் 50 ஹெக்டேர் நிரந்தர ஆய்வுக்களம் ஒன்றை அமைத்து, அங்குள்ள மரங்களைத் தொடர்ந்து எண்ணி வருகிறது. தீ வந்த ஆண்டுகளில் பெருமரங்கள் பெரும்பாலும் தப்பின, அடிபட்டவை இளங்கன்றுகளே. கன்றின் தண்டு கருகும். வேர் பிழைத்து மறுபடி துளிர்க்கும். அடுத்த தீயில் மறுபடி கருகும். பத்தாண்டு வயதான வேரின் மேல் முழங்கால் உயரத் துளிர் நிற்பது நம் மலைகளில் சாதாரணம். தலை தூக்கவிடாமல் தீ அதைத் தரையிலேயே பிடித்து வைத்திருக்கிறது. 1.37 மீட்டரில் நாடா பிடிப்பவருக்கு அது கண்ணிலேயே படாது.

பெரியவர்கள் மட்டும் இருந்து பிள்ளைகள் வளராத ஊர் எப்படி இருக்கும்? இன்று தலையெண்ணினால் எண்ணிக்கை சரியாக இருக்கும். நாற்பது ஆண்டு கழித்து ஊர் இருக்காது. அடிக்கடி எரியும் காட்டின் நிலை அதுதான். கலிபோர்னியாவின் திட்டத்தில் தீ, இருந்த சேமிப்பைக் கொளுத்தியது. இங்கே தீ, வர வேண்டிய வரவைத் தடுக்கிறது. பொது இருப்பு ஈடுகட்டுவது முதல் வகை இழப்பைத்தான். இரண்டாவது வகைக்கு அதில் பத்தியே கிடையாது.

ஐந்து கோடை தாண்டுமா?

அதே முதுமலைப் பகுதியைப் பற்றி நரேந்திரன் கோதண்டபாணி, மார்க் காக்ரேன், சுகுமார் மூவரும் 2004இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். 1909 முதல் 1921 வரையான காலத்தில் சராசரியாக 10 ஆண்டுக்கு ஒருமுறை வந்த தீ, 1989 முதல் 2002 வரையான காலத்தில் 3.3 ஆண்டுக்கு ஒருமுறை வந்தது. மூன்று மடங்கு.

இந்த இரண்டு எண்களை வைத்து ஒரு மனக்கணக்குப் போடலாம். ஒரு கன்று தீயின் சுடருக்கு மேல் தலைதூக்கி, பட்டையும் தடிக்க ஐந்து கோடை வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டுக்கு ஒரு தீ என்றால் எந்த ஒரு கோடையிலும் தப்பும் வாய்ப்பு 90 சதவீதம். ஐந்து கோடையும் தொடர்ந்து தப்பும் வாய்ப்பு ஏறத்தாழ 59 சதவீதம். 3.3 ஆண்டுக்கு ஒரு தீ என்றால் ஆண்டுக்குத் தப்பும் வாய்ப்பு 70 சதவீதம். ஐந்து கோடைக்கு அது 17 சதவீதத்துக்குக் கீழே போய்விடும். தீ மூன்று மடங்கு கூடியதும், பத்தில் ஆறு கன்று பிழைத்த இடத்தில் ஆறில் ஒன்றுதான் மிஞ்சுகிறது. இது முதுமலையின் எண். ஜவ்வாது மலைக்கு அப்படியே பொருந்த வேண்டியதில்லை. ஆனால் நடவுத் திட்டம் எதற்கும் உயிர்நாடி எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. நட்ட எண்ணிக்கையைவிட முக்கியமானது முதல் ஐந்து கோடைகளின் காவல்.

ஐந்து என்ற இந்த எண் அரசு விதிகளிலும் இப்போது எட்டிப் பார்க்கிறது. ஒன்றிய அரசு 2023 அக்டோபரில் பசுமை வரவுத் திட்டத்தை அறிவித்தது. அது கார்பன் கிரெடிட் அல்ல. சிதைந்த வன நிலத்தில் மரம் நடுவதற்குக் கிடைக்கும் தனி வரவு. 2024 பிப்ரவரியில் வந்த முதல் விதிமுறை ஹெக்டேருக்குக் குறைந்தது 1,100 மரம் என்று வைத்து, மரத்துக்கு ஒரு வரவு என்று எண்ணியது. 2025 ஆகஸ்டில் அது திருத்தப்பட்டது: நட்டு ஐந்து ஆண்டு கழிந்து, இலைக்கூரையின் அடர்த்தி 40 சதவீதத்தை எட்டிய பிறகே வரவு. நட்டதற்கு வரவு என்பதிலிருந்து பிழைத்ததற்கு வரவு என்று நகர்ந்தது நல்ல திருத்தம்தான். ஆனால் வறண்ட இலையுதிர் காட்டில் திறந்த கூரையே இயல்பு. 40 சதவீதம் என்ற அளவுகோலை எட்டுவதற்காக மலைக்கு ஒவ்வாத மரத்தை நெருக்கி நட்டால், விறகைத்தான் அடுக்கியிருப்போம்.

தமிழ்நாடு அரசு 2022 செப்டம்பரில் தொடங்கிய பசுமைத் தமிழ்நாடு இயக்கம், மாநிலத்தின் காடு, மரப் பரப்பை 23.7 சதவீதத்திலிருந்து பத்தாண்டில் 33 சதவீதமாக உயர்த்த விரும்புகிறது. நாட்டளவில் 2030க்குள் காடுகளாலும் மரங்களாலும் கூடுதலாக 250 முதல் 300 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு அளவுக்குச் சேமிப்பு உண்டாக்குவோம் என்று இந்தியா வாக்களித்திருக்கிறது. 229 கோடி டன்னை எட்டிவிட்டதாக 2023ஆம் ஆண்டுக்கான காடுகள் நிலை அறிக்கை சொல்கிறது. அதே அறிக்கையில் 2023-24 தீப்பருவத்தில் செயற்கைக்கோள்கள் கண்ட தீப்புள்ளிகள் 2,03,544. நாட்டுக் கணக்கில் தீ தின்றது அடுத்த அளவீட்டில் தானாகக் குறைந்துவிடும், யாரும் ஏமாறுவதில்லை. விற்றுவிட்ட வரவில் அப்படிக் குறைக்க முடியாது. வாங்கியவர் அதை வைத்து ஏற்கெனவே புகை விட்டிருப்பார்.

மிலானில் சொன்ன ஒரு நல்ல யோசனை

இந்தச் சிக்கல் பேச்சுவார்த்தையாளர்களுக்குத் தெரியாமல் இல்லை. 2003இல் மிலானில் கூடிய ஐநா பருவநிலை மாநாடு, கியோட்டோ உடன்பாட்டின் கீழ் வரும் காடு வளர்ப்புத் திட்டங்களுக்கு ஒரு விதி செய்தது: காடு தரும் வரவு தற்காலிகமானது; தவணை முடிந்ததும் காலாவதியாகும்; வாங்கியவர் வேறொன்றை வாங்கி அந்த இடத்தை நிரப்ப வேண்டும். கிரயப் பத்திரத்துக்குப் பதில் குத்தகைப் பத்திரம். மரம் நிலையில்லாதது என்பதை ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட ஏற்பாடு அது.

சந்தை அதை விரும்பவில்லை. ஐரோப்பிய ஒன்றியம் தன் உமிழ்வுச் சந்தையில் காட்டு வரவுகளைச் சேர்க்கவே இல்லை. ஹரியானா சிர்சாவின் மணல்மேட்டு நிலங்களிலும் அன்றைய ஆந்திரத்தின் கம்மம் மாவட்டத்திலும் நடந்த நடவுகள் 2009இல் பதிவாயின. ஆனால் கியோட்டோவின் தூய வளர்ச்சித் திட்டத்தில் பதிவான ஆயிரக்கணக்கானவற்றில் காடு வளர்ப்பு நூற்றைக்கூட எட்டவில்லை. பின்னர் எழுந்த தன்னார்வச் சந்தைகளும் கலிபோர்னியாவும் குத்தகையைக் கைவிட்டு, நிரந்தர வரவும் பொது இருப்பும் என்ற முறைக்குப் போயின. வாங்குபவருக்கு அது வசதி. ஒரு தடவை வாங்கினால் மறந்துவிடலாம். அந்த மறதிக்கான விலையைத்தான் ஓரிகனின் காடுகள் இப்போது கட்டிக்கொண்டிருக்கின்றன.

தீயை அறிந்தவர்கள்

சத்தியமங்கலத்தை ஒட்டிய பிலிகிரிரங்கன் மலையின் சோலிகர்கள் 'தரகு பெங்கி' என்று ஒரு வழக்கத்தைச் சொல்வார்கள். சருகுத்தீ என்று பொருள். கோடை முற்றும் முன், தரையில் இன்னும் பனி ஈரம் இருக்கும்போதே, சிறுசிறு தீயாக வைத்துச் சருகை எரித்துவிடுவது. அந்தத் தீ மெல்லியது, சீக்கிரம் அணையும். பின்கோடையின் பெருந்தீக்கு விறகு மிஞ்சாது. வனச் சட்டம் தீயைக் குற்றமாக்கி அதைத் தடுத்த பிறகுதான் உண்ணிச்செடிப் புதர் காட்டை மூடியது என்பது அவர்கள் வாதம். புதர் மண்டிய காட்டில் தீ பிடித்தால் சுடர் முழங்காலோடு நிற்காது என்பதை மலையில் நடந்தவர்கள் அறிவார்கள்.

கார்பன் கணக்கேட்டில் சருகுத்தீ எப்படித் தெரியும்? வெறும் கழிவாக. நூறு சிறுதீ வைத்துப் பெருந்தீயைத் தடுத்தவருக்கு இழப்பு எழுதப்படும். எதுவும் செய்யாமல் பத்தாண்டு சருகு சேர்த்தவருக்கு வரவு எழுதப்படும், பெருந்தீ வரும்வரை.

ஆஸ்திரேலியா இந்தக் கணக்கைத் திருப்பிப் போட்டது. அதன் வடக்கே மேற்கு ஆர்னெம் நிலத்தின் புல்வெளிக் காட்டில், 2006 முதல், அந்த மண்ணின் பூர்வகுடியினர் கோடைத் தொடக்கத்திலேயே குளிர்ந்த தீ வைத்துப் பின்கோடைப் பெருந்தீயைக் குறைக்கிறார்கள். பெருந்தீயில் வெளியாகும் மீத்தேனும் நைட்ரஸ் ஆக்சைடும் எவ்வளவு குறைந்தன என்று அளந்து, அந்தக் குறைவுக்குப் பணம் தரப்படுகிறது. டார்வினில் இயற்கை எரிவாயு ஆலை நடத்திய நிறுவனம்தான் முதலில் வாங்கியது. இங்கே விற்பனையாவது மரம் அல்ல. தீயைக் கையாளும் வேலை. அது ஒவ்வோர் ஆண்டும் நடந்து, ஒவ்வோர் ஆண்டும் அளக்கப்பட்டு, அந்த ஆண்டுக்கே கூலி பெறுகிறது. நூறு ஆண்டு வாக்குறுதி எதுவும் தேவைப்படவில்லை.

இந்தியாவில் இதற்கு நெருங்கிய முயற்சி மேகாலயாவில் இருக்கிறது. மவ்ப்லாங்கை மையமாகக் கொண்ட காசி மலைச் சமூகக் காட்டுத் திட்டம், பத்து பாரம்பரிய ஹிமா ஆட்சிகளும் 62 ஊர்களும் சேர்ந்து 2011 முதல் நடத்துவது. அங்கே காடு அழிவதற்கான பெரும் காரணங்களில் ஒன்றாகத் தீயை அடையாளம் கண்டு, தீத்தடுப்புக் கோடு வெட்டுவதையும் ஊர்த் தீக்காவலர்களை வைப்பதையும் திட்டத்தின் நடுவேலையாகவே ஆக்கினார்கள். விற்பது டன் கணக்கில்தான். ஆனால் அந்த டன்னை நிற்க வைப்பது மார்ச் மாதக் காவல் என்பது அவர்களுக்குத் தெளிவாகத் தெரியும்.

நமக்கு இன்னும் பக்கத்தில் திருவண்ணாமலை இருக்கிறது. உச்சியில் தீபம் ஏற்றும் அந்த மலை ஒரு காலத்தில் மொட்டைப் பாறையாகக் கிடந்தது. 1980களின் இறுதியிலிருந்து தன்னார்வலர்கள் அங்கே உள்ளூர் மரங்களை நட்டு வருகிறார்கள். நட்டதோடு நில்லாமல், ஒவ்வோர் ஆண்டும் கோடைக்கு முன் புல்லை அறுத்துத் தீத்தடுப்புக் கோடு போடுகிறார்கள். தீ கண்டால் தழைக்கொத்தோடு ஏறி அடித்து அணைக்கிறார்கள். மலையில் இன்று தெரியும் பச்சைக்கு அந்தக் கோடுகளும் காரணம்.

ஜவ்வாது மலைக்கு ஒரு கணக்கு

நாளை ஜவ்வாது மலைக்கு ஒரு கார்பன் திட்டம் வந்தால் அது எப்படி இருக்க வேண்டும்? மேலே பார்த்ததிலிருந்து மூன்று விஷயங்கள் தேறுகின்றன.

முதலாவது, கிரயத்துக்குப் பதில் குத்தகை. எரியாமல் கடந்த ஒவ்வொரு கோடைக்கும் ஒரு தவணை. எரிந்த ஆண்டில் தவணை நிற்கும். ஏற்கெனவே கொடுத்தது கொடுத்ததுதான். வாங்குபவர் தன் புகைக்கு ஈடு தேடி ஆண்டுதோறும் திரும்பி வர வேண்டும். அவருக்குத் தொந்தரவுதான். ஆனால் மறக்க முடியாது என்பதே இதன் பலன். மிலான் விதியில் சரியாக இருந்தது இந்தப் பகுதிதான்.

இரண்டாவது, சேதாரம் மலைக்கு மலை வேறுபட வேண்டும். சில ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்பட வேண்டும். அதற்கான தரவு நம்மிடம் இருக்கிறது. இந்திய வன ஆய்வு நிறுவனம் 2004 முதல் செயற்கைக்கோள் வழியே தீயைக் கண்டு சொல்கிறது. 2017 முதல் 375 மீட்டர் நுணுக்கத்தில் பார்க்கும் கருவியும் சேர்ந்தது. இலைக்கூரைக்கு அடியில் ஊரும் சின்னத் தீயையும், செயற்கைக்கோள் கடக்காத நேரத்தில் பற்றி அணைந்ததையும் அது தவறவிடும். அந்த இடைவெளியைத் தரையில் நடப்பவர்களின் குறிப்பேடு நிரப்ப வேண்டும். மரத்தின் சுற்றளவோடு கன்றுகளின் எண்ணிக்கையையும் அந்தக் குறிப்பேடு எழுத வேண்டும்.

மூன்றாவது, இருக்கும் பணத்தில் பெரும் பங்கு நாற்றுப் பைக்கும் குழிக்கும் போகாமல் காவலுக்குப் போக வேண்டும். வேர் உயிரோடு இருக்கும் மலையில் நடவே பல இடங்களில் தேவையில்லை. ஐந்து கோடை தீ படாமல் பார்த்துக்கொண்டால் கருமருதும் வேங்கையும் உசிலையும் தாமாக எழும். அந்தக் காவலைச் செய்யக்கூடியவர்கள் அங்கேயே சாமை விதைத்து, தேனும் புளியும் எடுத்து வாழும் மலையாளிப் பழங்குடியினர். சமூகக் காட்டு வளத்தைக் காக்கவும் பேணவும் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் அவர்களைப் போன்றவர்களுக்கு உரிமை தருகிறது. உரிமை இருக்கிறது, கூலிதான் இல்லை. மலையில் பிழைப்பு இல்லாதபோது என்ன ஆகும் என்பதையும் இந்த மாவட்டம் பார்த்திருக்கிறது. 2015 ஏப்ரலில் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லி 20 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவர்களில் பலர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்து மலையூர்களைச் சேர்ந்தவர்கள். காட்டை வெட்ட ஆளுக்குக் கூலி கிடைக்கிறது, காக்கக் கிடைப்பதில்லை என்ற நிலையில் எந்தக் காடும் நூறு ஆண்டுக்கு வாக்குக் கொடுக்க முடியாது.

இதிலும் ஓட்டை உண்டு. எரிந்தால் தவணை நிற்கும் என்றால், தான் வைக்காத தீக்கு மலையூர் தண்டனை பெறும். சாலையோரத்தில் யாரோ எறிந்த பீடிக்கு அவர்கள் கூலி இழப்பது நியாயமல்ல. ஆகவே தவணையை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: வெட்டிய கோட்டுக்கும் நடந்த காவலுக்கும் கூலி எப்படியும் உண்டு, எரியாமல் போனதற்கு அதன்மேல் ஒரு பங்கு. இதனால் வரவின் விலை ஏறும். ஏறட்டும். இன்று அது மலிவாகக் கிடைப்பதற்குக் காரணமே சேதாரத்தைக் குறைத்துக் காட்டியதுதான்.

கோரா நூலை வாங்குபவர் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ புடவை கேட்பதில்லை. கேட்டால் பட்டறையில் சிரிப்பார்கள். காட்டை வாங்குபவரிடம் மட்டும் ஒரு டன்னுக்கு ஒரு டன், அதுவும் நூறு ஆண்டுக்கு, என்று எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். தை பிறந்து இலை உதிரத் தொடங்கியதும், ஜவ்வாது மலையின் ஜமுனாமரத்தூர்ப் பக்கம் ஏதோ ஒரு சரிவில் நாலைந்து பேர் கத்தியும் மண்வெட்டியுமாகப் புல்லைச் செதுக்கிச் சில மீட்டர் அகலத்துக்கு வெறுந்தரை போடுவார்கள். வரவுப் பத்திரத்தில் எந்த எண் அச்சாகியிருந்தாலும், அந்தக் கோடையில் அதற்கு மதிப்பு அந்த வெறுந்தரையின் அகலம் அளவுதான்.